மூன்று எபிசோட் சட்டம்

இரண்டு கிழமைக்கு முன் எனக்கு ஒரு கண்டம் வந்தது. தப்பிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். முழுதாகத் தப்பினேனா என்பதை வாசித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஒபிசில் சோற்றுப் பார்சலைப் பிரிக்கிற நேரம் போனில் ஒரு மெசேஜ். “சனிக்கிழமை வெள்ளவத்தைக்கு வாறன். உன்னோட கதைக்க வேணும்.”

அனுப்பியது ஜெசிந்தா. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். கீழே ஒரு வேத வசனம்கூட இல்லை. வசனம் இல்லாமல் ஜெசிந்தாவிடமிருந்து மெசேஜ் வந்தால் விஷயம் பாரதூரம் என்று அர்த்தம்.

ஜெசிந்தா கொட்டாஞ்சேனைக்காரி. ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவளும் ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர்கள். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள், பத்து வருஷத்துக்கு முன் ஒரு ஜெப சபையில் சேர்ந்தாள். அன்றிலிருந்து என்னை இரட்சிக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள். என்னிடம் இப்போது மூன்று பைபிள் இருக்கிறது — பெரியது, சின்னது, ஹேண்ட்பேக்கில் வைக்கிற அளவு. எனக்குக் காய்ச்சல் என்றால் போனில் இருபது நிமிஷம் ஜெபிப்பாள். அதற்குள் கஞ்சி ஆறிவிடும்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை முழுக்க வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னோடு நின்றவளும் அவள்தான். அப்படிப்பட்ட ஒருத்தியை எப்படி விலக்குவது?

ஆனால் விலகியிருந்தோம். எட்டு மாதமாக.

காரணம் என் வீட்டுச் சுவரில் இருந்த ஒரு படம். இந்தப் பத்திரிகைப் பத்தியின் பழைய வாசகர்களுக்கு என் வியாதி தெரியும் — நாற்பத்திமூன்று வயதில் ஜப்பான்காரன் வரைகிற தொடர்களைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறவள் நான். கார்ட்டூன் என்று சொல்லிவிடாதீர்கள். அனிமே என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும். அந்தச் சுவர்ப்படத்தில் இருந்தவனுக்குத் தலையில் இரண்டு கொம்பு. அதைப் பார்த்த ஜெசிந்தா, “இது பிசாசு. வீட்டுக்குள்ள வச்சிருக்காத” என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? “உங்கட சபை ஹோல்ல மைக்கைப் பிடிச்சுக் கத்துறதை விட இந்தப் பிசாசு அமைதியானது” என்றேன். அவள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாள்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. ஜெசிந்தாவின் மகள் மெலனிக்குப் பதினாறு வயது. போன வருஷம் ஜெசிந்தா ஏதோ கன்வென்ஷனுக்குப் போனபோது மெலனி இரண்டு நாள் என் வீட்டில் நின்றாள். பிள்ளை பாவம், சும்மா இருக்கிறாளே என்று டேப்லெட்டைக் கையில் கொடுத்து, “இதைப் பார், முதல் மூண்டு எபிசோட் மட்டும் பொறு” என்று சொன்னது நான். தாயிடம் கேட்கவில்லை. கேட்டால் விடமாட்டாள் என்று தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

ஆகவே மெசேஜைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. கணக்குத் தீர்க்க வருகிறாள். முப்பது வருஷச் சிநேகிதம் சனிக்கிழமையோடு சரி.

அப்போதுதான் ஒரு கெட்டித்தனம் செய்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் அனிமே குழு கூடும். காலி வீதிப் பக்கம் ஒரு ஷோர்ட் ஈட்ஸ் சிற்றுண்டிக் கடையின் மேல்மாடி. ஆறு பேர், ஒரு பெரிய மேசை, தட்டு நிறைய ரோல்ஸ். அதே கடைக்கு ஜெசிந்தாவைப் பத்து மணிக்கு வரச் சொன்னேன். திட்டு, அழுகை, ஜெபம் எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடியும். பதினொன்றுக்கு “ஆக்கள் வருகினம்” என்று சொல்லி எழும்பிவிடலாம்.

திட்டத்தில் ஒரு ஓட்டை. ஆராதனையைத் தவிர வேறெதற்கும் ஜெசிந்தா நேரத்துக்கு வந்ததே கிடையாது. முப்பது வருஷம் பழகியும் அதை மறந்துபோனேன்.

பத்து மணி. ஒரு பிளேன் டீ. பத்தரை. இன்னொரு பிளேன் டீ. பத்தே முக்காலுக்கு, “பஸ் கொள்ளுப்பிட்டியில நிக்குது” என்று மெசேஜ். ஐந்து நிமிஷத்தில் கேதீஸ் படியேறி வந்தான். கோர்ட்டுகள் இருக்கிற புதுக்கடையில் ஒரு வக்கீலிடம் கிளார்க்காக இருக்கிறான், எதற்கும் சட்டம் கதைப்பான். பின்னால் ஃபஸ்லான் — மருதானையில் போன் திருத்துகிற கடை. அதற்குப் பின்னால் பல் டாக்டரிடம் நேர்ஸாக இருக்கும் தினுஷாவும் மற்ற இரண்டு பேரும். கதை சூடு பிடித்துவிட்டது.

பதினொன்று இருபதுக்குப் படியில் ஒரு குடை தெரிந்தது. பிறகு ஜெசிந்தா தெரிந்தாள். தோளில் அந்தக் கறுப்புப் பை.

அந்தப் பை எனக்குத் தெரியும். அதற்குள் மூன்று பாஷையிலும் சுவிசேஷக் கைப்பிரதிகள், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக்கட்டாக இருக்கும். பஸ்ஸில், பாங்கில், பிரேத வீட்டில் எல்லாம் அந்தப் பையின் சிப் திறந்திருக்கிறது. கடவுளே, இங்கே மட்டும் திறக்கக் கூடாது என்று வேண்டினேன். எந்தக் கடவுளை என்று யோசிக்க நேரமிருக்கவில்லை.

“வாங்கோ அக்கா, இருங்கோ” என்று கேதீஸ் கதிரையை இழுத்துப் போட்டான். “நீங்களும் அனிமே பார்க்கிறனீங்களா?”

“இல்லைத் தம்பி. இவ பார்க்கிறா. என்ர மகளும் பார்க்கிறா.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

குடையை மேசையில் சாய்த்தாள். பையை மடியில் வைத்தாள். சிப்பைத் திறந்தாள்.

“ஜெசி, இங்க வேண்டாம். வா, கீழ போய்க் கதைப்பம்” என்றேன்.

அவள் கேட்கவில்லை. உள்ளே கையை விட்டு எடுத்தது கைப்பிரதி அல்ல. ஒரு சித்திரக் கொப்பி.

“மூண்டு கிழமையா மெலனி என்னோட கதைக்கிறேல்ல” என்றாள். “சாப்பிட வா எண்டால் ஓம். பள்ளிக்கூடம் போட்டு வாறியா எண்டால் ஓம். அதுக்கு மேல ஒரு சொல்லு இல்ல. இந்தக் கொப்பிக்காகத்தான். முழுக்கக் கொம்பு வச்ச பேயள். எனக்குப் பயமாப் போச்சு. பறிச்சன். குப்பையில போட்டிட்டன் எண்டு சொன்னன்.”

“இங்க இருக்கே?” என்றாள் தினுஷா.

“போடேல்ல பிள்ளை. அல்மாரியில சாறிக்குக் கீழ வச்சிருந்தனான். அவள் கையால கீறினது... எப்பிடிப் போடுறது?”

ரோல்ஸ் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். இதோ வருகிறது என்று நினைத்தேன்.

“நீதானே அவளுக்கு இதைக் காட்டினனீ. என்ர பிள்ளை இதில என்னத்தைக் காணுறாள்? நீ சொல்லு. எனக்கு விளங்கேல்ல.”

குற்றப்பத்திரிகையை எதிர்பார்த்து வந்தவளுக்கு இப்படி ஒரு கேள்வி. ஏசியிருந்தால் பதில் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஃபஸ்லான்தான் முதலில் அசைந்தான். டிஷூவால் விரல் விரலாக எண்ணெயைத் துடைத்தான். பிறகே கொப்பியைத் தொட்டான். எங்கள் ஆட்களிடம் எனக்குப் பிடித்த பழக்கம் அது — யார் கீறிய படமென்றாலும் எண்ணெய்க் கையால் தொடமாட்டார்கள்.

“இது பேய் இல்ல அக்கா” என்றான். “ஆத்துக்குக் காவல் நிக்கிற ஆள். பொய் சொன்னதால கொம்பு முளைச்ச மனிசன். ஒவ்வொரு உண்மையும் சொல்லச் சொல்லக் கொம்பு தேயும். அதான் கதை.”

ஜெசிந்தாவின் கை அவளை அறியாமலே நெற்றிக்குப் போய் வந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஐந்து தலைகள் கொப்பி மேல் குனிந்தன. இது காவல்காரனின் தங்கச்சி. இது படகுக்காரன். இது முதலாவது சீசனில் செத்துப்போனவர். ஒவ்வொரு பக்கமாக அவர்கள் சொல்லச் சொல்ல ஜெசிந்தா, “அப்ப இவர் நல்லவரா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு ஒரு பக்கத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள்.

காவல்காரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண். பின்னால் கொண்டை. மூக்குக்கண்ணாடி. தோளில் பெரிய பை.

“இது ஆர்?” என்றான் கேதீஸ். “இந்தத் தொடரில இப்பிடி ஒரு ஆள் இல்லையே.”

“ரெண்டாவது சீசன்லயும் இல்ல” என்றாள் தினுஷா.

“நான் ரெண்டு தரம் பாத்தேன். இப்படி ஒரு ஆள் இல்லவே இல்ல” என்றான் ஃபஸ்லான்.

இதையெல்லாம் அவர்கள் லேசில் விடமாட்டார்கள். ஒருவேளை தொடரில் கடை வைத்திருப்பவளோ, இல்லை, அவளுக்குக் கண்ணாடி இல்லையே... ஒரே வாதம். நான் படத்தை வடிவாகப் பார்த்தேன். அந்தப் பெண் கையில் ஒரு குடை. அதை வாள் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மேசையில் சாய்த்து வைத்திருந்த குடையைத் தொட்டுக் காட்டினேன்.

ஒவ்வொருவராகக் குடையைப் பார்த்தார்கள். பிறகு பையைப் பார்த்தார்கள். கடைசியாகப் பார்த்தவள் ஜெசிந்தா.

“என்ர மூக்கு இவ்வளவு பெரிசா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள்.

கொப்பியில் ஒன்பது பக்கத்தில் அவள் இருந்தாள். மூன்று கிழமையாகச் சாறிக்குக் கீழே வைத்திருந்தவள், கொம்பை மட்டும் கண்டிருக்கிறாள். தன்னைக் காணவில்லை. நானும்தான் என்ன? ஜெசிந்தாவிடம் மைக்கை மட்டும் கண்டவள்தானே.

“நான் ஆரின்ர பக்கம் நிக்கிறன்? நல்லாக்களின்ர பக்கமா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஹீரோக்குப் பக்கத்துல நிக்கிறீங்க அக்கா. அந்த எடத்துல வேற ஆள் யாரையும் விடமாட்டாங்க” என்றான் ஃபஸ்லான்.

“கொப்பியைத் திருப்பிக் குடுங்கோ” என்றாள் தினுஷா.

“பொய் சொன்னனான் எண்டும் சொல்லோணுமே.”

“சொல்லத்தான் வேணும்” என்றான் கேதீஸ்.

அதோடு விட்டார்களா? ஆள் கிடைத்தால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? இந்தத் தொடரைப் பாருங்கோ, இல்லை, முதலில் அந்தத் தபால் நிலையக் கதையைப் பாருங்கோ, சமையல் கதை என்றால் இலேசு, வாழ்க்கையே மாறிவிடும்... ஐந்து பேரும் ஐந்து பக்கத்தால். கேதீஸ் டிஷூவில் ஒரு பட்டியலே எழுதி, “நேரம் கிடைக்கேக்க வாசியுங்கோ” என்று அவள் கையில் திணித்தான். ஜெசிந்தா என்னைப் பார்த்தாள் — காப்பாற்று என்று. பத்து வருஷமாக நான் அவளைப் பார்த்த அதே பார்வை.

நான் காப்பாற்றவில்லை.

உண்மையைச் சொல்லுங்கள், யார் இங்கே மதம் பரப்புகிறவர்? தனக்குக் கிடைத்த நல்லதை இன்னொருவர் தலையில் கட்டாவிட்டால் நித்திரை வராத ரகம் நாங்கள் எல்லாரும். ஜெசிந்தா பகிரங்கமாகச் செய்தாள். நான் அவளுடைய பிள்ளைக்குக் களவாகச் செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

“எங்கட குழுவில ஒரேயொரு சட்டம்தான் அக்கா” என்றான் கேதீஸ், புதுக்கடைத் தோரணையில். “மூண்டு எபிசோட் பார்க்காமல் எந்தத் தொடரையும் குறை சொல்லப்படாது.”

“சரி தம்பி. மூண்டு பார்க்கிறன்” என்றாள் ஜெசிந்தா. போகும்போது சிப்பைத் திறந்து எல்லாருக்கும் ஆளுக்கொரு கைப்பிரதி கொடுக்கவும் தவறவில்லை. ஃபஸ்லான் மரியாதையாக வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் கூடப் போனேன். “மெலனிக்குக் காட்ட முன்னம் உன்னட்டக் கேட்டிருக்கோணும்” என்றேன்.

“ஓம். கேட்டிருக்கோணும்” என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. குடையை விரித்துக்கொண்டே, “மைக் சத்தம் கொஞ்சம் கூடத்தான்” என்றாள். காலி வீதியைக் கடக்கும்போது பள்ளிக்கூட நாளில் மாதிரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதப் பாரம் அந்தப் பாதசாரிக் கடவையில் இறங்கியது.

ஆனால் மெலனி? அவள் என்ன சொல்வாள்? இரண்டு நாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை பின்னேரம் ஜெசிந்தாவின் மெசேஜ் வந்தது.

“கொப்பியைக் குடுத்தன். பொய் சொன்னதையும் சொன்னன். முதல் கத்தினாள். பிறகு பக்கத்தில வந்திருந்து மூண்டு எபிசோட் போட்டுக் காட்டினாள். இப்ப கதைக்கிறாள். நிப்பாட்டுறாளில்ல.”

ஒபிஸ் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி இரண்டு நிமிஷம் நீடித்தது. அடுத்த மெசேஜ்:

“நான் மூண்டு பார்த்திட்டன். குறை சொல்லேல்ல. இனி உன்ர முறை. எங்கட சபைக்கு மூண்டு ஞாயிறு வா. மூண்டும் பார்க்காமல் குறை சொல்லப்படாது. உங்கட சட்டம்தானே?”

கேதீஸுக்குப் போன் போட்டு ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். “சட்டம் எண்டால் சட்டம்தான் அக்கா” என்று வைத்துவிட்டான்.

முதல் ஞாயிறு முடிந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. எனக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவில் மெலனி. ஸ்பீக்கர் சரியாக என் காதுக்கு நேரே. மெலனி கண்ணை மேடைப் பக்கம் வைத்துக்கொண்டு, மடியில் கொப்பியை விரித்து என்னைக் கீறிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அதைக் கண்டாள். பறிக்கவில்லை.

முடிந்ததும் ஜெசிந்தா கேட்டாள்: “என்ன, மைக் சத்தம் கூடவா?”

“சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லையே” என்றேன்.

மெலனி பென்சிலை எடுத்தாள். என் படத்தின் தலையில் இரண்டு கொம்பு வைத்தாள்.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. கொம்பு தேய அவகாசம் உண்டு.