வெள்ளை அந்தோனியின் பாஷை

"ஏளா பிளாரன்ஸ், உன் பேருக்குப் பின்னால பர்னாந்துன்னு இருக்கே, அதுக்காக நீ போர்த்துக்கீசு ராணியா? பூசையில சாமியார் லத்தீன்ல பாடுதாரு, நாமளும் கூடச் சேர்ந்து பாடுதோம். அதுக்காகத் திரேஸ்புரம் ரோமாபுரியா? நோட்டுல ஜெர்மன் எழுத்து இருந்தா ஆளு ஜெர்மன்காரனா ஆயிருவானா?"

தெருக்குழாயடியில், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டாள் இசபெல்லா. பக்கத்து வீட்டு பிளாரன்ஸும் லேசில் விடுகிறவள் இல்லை. கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. தூத்துக்குடியில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் போய்விட்டார்கள். மீதிப் பேருக்கு ஒற்றனைத் தேடுவதே பொழுதுபோக்கு.

"எழுத்தை விடு. வள்ளத்துக்கு வள்ளம் துடுப்புல குறி வெட்டி வச்சிருக்காரே, அது எதுக்காம்? மேல இருந்து பார்த்துக் குண்டு போடத் தோதா இருக்கும்னுதானே?"

"ஆமா, கொழும்புத் துறைமுகம் பத்தலன்னு, ஜப்பான்காரன் உன் மாப்பிள்ளையோட ஓட்டை வள்ளத்தைத் தேடித்தான் வாரான். தண்ணியைப் பிடி, வரிசை நிக்குது."

இந்தச் சண்டைக்குக் காரணமான மனிதர் அந்த நேரத்தில் இசபெல்லா வீட்டுக் கொல்லையில் இருந்தார். வலைக்கொட்டிலின் வாசலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டி விறைப்பாக இழுத்துக்கொண்டு, கிழிசலை முடிந்துகொண்டிருந்தார். பத்துக் கண் முடிந்தால் ஒரு சிட்டிகைப் பொடி. பொடி வைத்திருந்தது மாட்டுக் கொம்பில் செய்த சிமிழில். அவர் பேச்சில் அதன் பெயர் ரோஷ்க். உறிஞ்சியதும் கண்ணை மூடிக்கொண்டு தும்மலுக்குக் காத்திருப்பார். தும்மல் வந்தால் தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து வேறு இடம் பார்க்கும்.

அந்தோனி என்பது ஞானஸ்நானப் பெயர்தான். ஊரில் ஏற்கனவே ஏழெட்டு அந்தோனி இருந்ததால் இவர் வெள்ளை அந்தோனி ஆனார். உண்மையில் அவர் வெள்ளையாக இருந்தது தொப்பிக்கு உள்ளே மட்டும்தான். மற்ற இடமெல்லாம் அவித்த இறால் நிறம். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. நாற்பத்தொன்றில் ஒரு சரக்குக் கப்பல் கால் ஒடிந்து கிடந்த இவரை இங்கே ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுப் போனது. அவருடைய காகிதங்கள் கப்பல் தலைவனின் பெட்டியிலேயே தங்கிவிட்டன. பதினைந்து நாளில் கப்பல் நடுக்கடலில் மூழ்கியது. கால் கூடிவிட்டது, ஆனால் தான் யார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பங்குச் சாமியார்தான் இசபெல்லாவின் மாமனார் இஞ்ஞாசியிடம் சொல்லி, வலைக்கொட்டிலில் ஒரு கட்டில் போட வைத்தார். இஞ்ஞாசி பழைய தண்டல், ஒரு காலத்தில் தோணி ஓட்டியவர். "கடல்காரனுக்குக் கடல்காரன்தான் இடம் குடுக்கணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். புருஷனை இழந்த மருமகள் வீட்டில் அந்நிய ஆணா என்று சிலர் வாயைத் திறந்தார்கள். மறுநாளிலிருந்து இசபெல்லா அவரை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "அண்ணே" என்று கூப்பிட்டாள்.

தமிழை அவர் கடற்கரையில் பொறுக்கிக்கொண்டார். அதனால் வலைக்கும் மீனுக்கும் காற்றுக்கும் அவரிடம் சொல் இருந்தது. வெட்கத்துக்கும் வருத்தத்துக்கும் இல்லை. கண் எண்ணும்போது மட்டும் சொந்தப் பேச்சு: யேடன், த்வா என்று தொடங்கும். தெருப் பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது அதைத்தான் எண்ணினார்கள். வலைக் கணக்கை மட்டும் ஒரு நோட்டில் ஜெர்மனில் எழுதிவைப்பார்.

அவர் சொன்ன கதைகளை யாரும் நம்பவில்லை. அவர் ஊர் ஒரு மணல் நாக்காம். தனுஷ்கோடி மாதிரி ஒரு பக்கம் பெருங்கடல், ஒரு பக்கம் அடங்கின கடல். இதுவரை சரி. "குளிருல அந்தப் பக்கத்துக் கடல் கல்லாப் போகும். மேல நடந்து போவோம். ஓட்டை போட்டு விலாங்கு குத்துவோம்" என்றார் ஒருநாள். இஞ்ஞாசி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "கடல் மேல நடந்தவரு ஒருத்தருதான் வே. அவரை நாங்க கோயில்ல வச்சிருக்கோம்" என்றார். பனிமய மாதா திருவிழாவில் அதைவிடக் கூத்து. இந்த ஊரில் பனியைப் பார்த்தவர் யார் என்று இவர் கேட்க, "ஏன், மார்கழிக்குத் தலையில துண்டு கட்டாமலா கடலுக்குப் போறோம்?" என்று இஞ்ஞாசி அடித்துச் சொன்னார். அன்று தேர் நிலைக்கு வரும்வரை அந்தோனி தனக்குள் சிரித்துக்கொண்டே நின்றார்.

ஆனால் அந்த மணல் நாக்கிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் திரேஸ்புரத்தில் வேர் பிடித்தது. கரையில் எந்த இடத்தில் யார் வலை விடுவது என்று வாரம் ஒரு அடிதடி நடக்கும். இதைப் பார்த்துச் சலித்துப்போய், இருபத்தேழு வீட்டுக்கும் இருபத்தேழு மரச் சில்லு செதுக்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு குறி: மீன்முள், ஏணி, நண்டுக்கால், கவிழ்த்த அரிவாள். அந்தக் குறியே துடுப்பிலும் மிதவையிலும். "எங்க ஊருல இது மெர்க். வீட்டுக்கு ஒண்ணு. எழுத்து வேண்டாம்" என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் சில்லுகளைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். எந்தக் குறி முதலில் வருகிறதோ அந்த வீட்டுக்கு முதல் இடம். அடிதடி நின்றது. இரண்டு கோட்டுக்கு மேல் எதையும் எழுதியறியாத ஆண்கள் தங்கள் குறியைச் சுவரில், குடத்தில், பெண்டாட்டியின் அம்மிக்கல்லில்கூட வெட்டிவைத்தார்கள். பிளாரன்ஸுக்கு மட்டும், தன் வீட்டுக்கு நண்டுக்கால் வந்ததில் தீராத மனக்குறை. ஒற்றன் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது என்பது இசபெல்லாவின் உறுதியான எண்ணம்.

பேச்சு குழாயடியிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக ஒரு வாரம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான், ஆனால் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். ஜெர்மன்காரன் என்றால் வடக்கே முள்வேலி முகாம். போலந்துக்காரன் என்றால் நட்பு நாட்டு ஆள், தொந்தரவில்லை. நங்கூரம் போட்டிருந்த கப்பலிலிருந்து ஒரு போலந்து மாலுமியை வரவழைத்துப் பேசவிட்டார். அவன் கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "எங்கள் பேச்சு மாதிரி இருக்கிறது, ஆனால் எங்கள் பேச்சு இல்லை" என்றான். ஜெர்மன் படித்த துரை ஒருவரையும் கூப்பிட்டார். "இது ஜெர்மன் இல்லை. ஆனால் நடுநடுவே ஜெர்மன் சொல் வருகிறது. நோட்டு முழுக்க ஜெர்மன்" என்று அவர் நெற்றியைச் சொறிந்தார்.

"பெரியவரே, போலிஷ்னு ஒரு வார்த்தை சொல்லும். எழுதிட்டு அனுப்பிடுதேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாடு போலந்து. எழுதுங்க. பாஷை அது இல்ல. பாஷை காஷுபி."

"அப்படி ஒண்ணு பட்டியல்ல இல்லையே."

"பட்டியல் தப்பு."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டார். விவரத்தை மதராசுக்கு எழுதப்போவதாகவும், பதில் வரும்வரை திங்கள்தோறும் ஸ்டேஷனில் தலையைக் காட்ட வேண்டும் என்றும், பதில் பெரும்பாலும் முள்வேலியாகத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் இசபெல்லா சோற்றை நங்கென்று வைத்தாள். "ஒரு வார்த்தை அண்ணே! சொன்னா நாக்கு அழுகிருமா? வேலிக்குள்ள கிடந்து சாவணுமா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே நிதானமாகச் சொன்னார். "நான் சின்னவன். அப்ப அங்க ஜெர்மன் ஆட்சி, ஜெர்மன் வாத்தியாரு. இந்தப் பேச்சு பேசினா அடி. எழுத்து அவன் குடுத்தான், அதான் நோட்டு. பொறவு போலந்து ஆட்சி வந்துச்சு. என் மவனோட வாத்தியாரு அடிக்கல, சிரிச்சான். கெட்டுப்போன போலிஷ்னு சொன்னான். அடிச்சவனுக்கும் என் பேச்சை விட்டுக் குடுக்கல. சிரிச்சவனுக்கும் குடுக்கல. இன்ஸ்பெக்டர் நல்லவரு. அதுக்காக அவருக்குக் குடுக்கணுமா?"

இசபெல்லாவுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் தான் பேசியதைக் கேட்டு, "இது எந்த ஊர்த் தமிழம்மா?" என்று கடைக்காரன் சிரித்ததும், சேலை வாங்காமலே தான் வெளியேறியதும் அவளுக்கு மறக்கவில்லை. இன்னொரு கரண்டி மீன்குழம்பு ஊற்றினாள். அதற்குமேல் அவரை வற்புறுத்தவில்லை.

மனு போடலாம் என்று தொடங்கிவைத்தவர் இஞ்ஞாசி. கச்சேரி வாசல் குமாஸ்தாவைப் பிடித்து, 'இந்த அந்தோனி எங்களுக்குத் தெரிந்த ஒழுக்கமான கத்தோலிக்க மீன்பிடிக்காரர், ஒற்றன் அல்ல' என்று எழுதி வாங்கினார்கள். கீழே இருபத்தேழு வீட்டுக்காரரும் கைநாட்டு வைக்க வேண்டும். மை டப்பாவைத் திறந்ததும் ஒருவர் தடுத்தார். "பெருவிரல் எல்லாவனுக்கும் ஒண்ணு போலத்தான் இருக்கு. நமக்குன்னு குறி இருக்கும்போது எதுக்கு விரலை அழுக்காக்கணும்?" எல்லாருக்கும் அது பெரிய கௌரவமாகப் பட்டது. வரிசையாக வந்து மீன்முள் போட்டார்கள், ஏணி போட்டார்கள், அரிவாளைக் கவிழ்த்தார்கள். பிளாரன்ஸ்கூட எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டை விட்டுட்டா குலுக்கல்ல சேர்க்க மாட்டிய" என்று புருஷனைத் தள்ளிக்கொண்டு வந்து நண்டுக்காலை வரைய வைத்தாள்.

இன்ஸ்பெக்டர் அந்தக் காகிதத்தை விரித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒற்றன் என்று சந்தேகப்பட்ட ஆளுக்காக இருபத்தேழு பேர் சங்கேத எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! இது மீன்முள், இது ஏணி என்று இஞ்ஞாசி விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடிக்கொண்டே போயிற்று. மனுவுக்கு அரக்கு முத்திரை வைத்து மேலே அனுப்பினார். இசபெல்லா அன்று குழாயடியில் யாரோடும் சண்டை போடவில்லை. அதைப் பார்த்துத்தான் விஷயம் கெட்டுவிட்டது என்று தெரு தெரிந்துகொண்டது.

காகிதம் மதுரைக்குப் போயிற்று, மதராசுக்குப் போயிற்று, எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்தோனி திங்கள்தோறும் ஸ்டேஷனுக்குப் போய் வந்தார். போன இடத்தில் கான்ஸ்டபிள் பொன்னுதுரைக்குப் பொடி பழக்கிவிட்டு, அவர் தும்மக் கற்றுக்கொள்ளும்வரை பக்கத்தில் இருந்து திருத்தினார்.

நாற்பத்து மூன்றில், காற்று திரும்பிய மாதத்தில், பொன்னுதுரை கொல்லை வழியாக ஓடிவந்தார். "ஏ, பதில் வந்துட்டு! முள்வேலி இல்ல!" மனு கடைசியில் பம்பாய்க்குப் போய், அங்கே போலந்துக்காரர்களின் அலுவலகத்தில் ஒரு அம்மாள் மேசைக்கு வந்திருக்கிறது. அந்த அம்மாள் சின்ன வயதில் கோடைக்குக் கோடை அந்த மணல் நாக்குக்குக் குளிக்கப் போனவளாம். குறிகளைப் பார்த்ததும் சிரித்துவிட்டாளாம். இது சங்கேதம் அல்ல, அந்தக் கரை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலையிலும் துடுப்பிலும் வெட்டும் வீட்டுக்குறி. இதை இருபத்தேழு பேருக்குச் சொல்லிக்கொடுத்த ஆள் வேறெங்கும் பிறந்திருக்க முடியாது என்று எழுதியிருக்கிறாள். கோலாப்பூர்ப் பக்கம் போலந்து அகதிகளுக்கு முகாம் போட்டிருக்கிறார்கள், அங்கே வரலாம், ஊரிலிருந்து சேதி வந்தால் முதலில் அங்கேதான் வரும் என்றும் இருந்தது.

சேதி என்றதும் அந்தோனி கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். மனைவியையும் மகனையும் பற்றி நாலு வருஷமாக அவருக்கு ஒரு வரிகூட வந்ததில்லை.

புறப்பட்ட நாளில் இசபெல்லா கருவாட்டுப் பொட்டலம் கட்டினாள், அவிழ்த்தாள், இன்னும் கொஞ்சம் வைத்துக் கட்டினாள். இஞ்ஞாசி, "கடல் கல்லாச்சுன்னா எழுதும். சாமியாரை வாசிக்கச் சொல்லுதேன்" என்றார். "வாரேன்" என்றார் அவர். போகிறவன் போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பதையும் கற்றிருந்தார்.

வாசலில் பொன்னுதுரை, ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்த பயண அனுமதிச் சீட்டைப் பிரித்து எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். "பேரு அந்தோனி. வயசு ஐம்பத்துரெண்டு. மதம் கத்தோலிக்கு. நாடு போலந்து. பாஷை போலிஷ். எல்லாம் சரியா இருக்கா?"

"அண்ணே, பேசாம வாங்கிக்கிடுங்க" என்றாள் இசபெல்லா தாழ்ந்த குரலில்.

அவர் வாங்கிக்கொண்டார். வாசற்படியில் நின்றபடியே ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தார். நாடு என்ற வரியில் தலையை ஆட்டினார். அடுத்த வரியில் விரல் நின்றது. பெருவிரலை நாக்கில் வைத்து நன்றாக ஈரப்படுத்தி, பொன்னுதுரை "ஏ, ஏ" என்று கையை நீட்டுவதற்குள், அந்த ஒரு சொல்லின் மேல் வைத்துத் தேய்த்தார். மை கலங்கி, நீலமாகி, காகிதத்தில் ஒன்றுமில்லாமல் போகும்வரை தேய்த்தார். பிறகு சீட்டை முகத்துக்கு நேரே பிடித்து, ஈரம் காய ஊதிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.