கிள்ளானில் கட்டிய மூன்றாம் தாலி

காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூர் ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பில் ஏறினோம். கிள்ளானுக்கு இருபது மைலுக்கு மேல். இந்த ரயில் பாதையில் கல் கொட்டின கூலி நான். இன்று பிரிக்பீல்ட்ஸில் ஏழு மாட்டுவண்டிக்குச் சொந்தக்காரன். பள்ளிக்கூடம் ஏதும் எனக்கு இதைக் கொடுக்கவில்லை.

கூட வந்தவன் முனியாண்டி, என் வண்டிமாடுகளை மேய்ப்பவன். இரண்டு பெண்டாட்டிகளைப் பறிகொடுத்தவன். மூன்றாவதாக வருபவளும் நிலைக்கமாட்டாள் என்பது நம்மவர் எண்ணம். அதனால் முதலில் ஒரு வாழைக்குத் தாலி கட்டி, உடனே அதை வெட்டிச் சாய்க்கவேண்டும். தோஷம் மரத்தோடு போய்விடும். இன்று கட்டப்போகிற பெண் நாலாவது ஆவாள். எல்லா ஏற்பாடும் என்னுடையதுதான்.

எதிரே தெலுக் பங்லிமா காராங் ஊருக்குப் போகும் காய்கறிக்காரர் ஒருவர் கதை கேட்டுச் சிரித்தார். “மரத்தக் கட்டிட்டா நடந்தது நடக்காமப் போயிருமாண்ணே?” என்றார். எண்ணுகிறவன் கையில்தான் எண்ணிக்கை என்று நான் ஒரே போடாகப் போட்டேன். முனியாண்டி சன்னலைப் பார்த்தபடி இருந்தான். பத்து தீகா ஸ்டேஷன் தாண்டியபின், “ரெண்டு பேரையும் நான்தாண்ணே தின்னுட்டேன்” என்றான். 

எட்டரை மணிக்குக் கிள்ளான். ரிக்‌ஷாவுக்கு இருபது காசு. பெண்ணின் தகப்பன் வீரப்பன் ஆற்றோரம் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். பந்தலில் இருந்த பண்டாரத்திடம் காய்கறிக்காரரின் கேள்வியையே கேட்டுப் பார்த்தேன். அவர் கணக்கில் மேலே இருப்பவனுக்கு முன், பின் கிடையாது. மலையில் நின்று பார்த்தால் ஆற்றின் தலையும் வாயும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி. இன்று செய்வது நேற்றைக்கும் போய்ச் சேரும் என்றார். நான் கையால் தொட்டதை மட்டும் நம்பிப் பிழைத்தவன். தலையை ஆட்டிவைத்தேன்.

பத்து மணிக்குக் கொல்லை வாழைக்கு மஞ்சள் பூசி, சேலை சுற்றி, முனியாண்டி தாலி கட்டினான். பண்டாரம் பாராங் கத்தியைக் கொடுத்தார். வாங்கியவன் அப்படியே நின்றுவிட்டான்.

“ரெண்டு பேரை அனுப்பியாச்சு சாமி. இதையும் என் கையால அனுப்ப முடியாது.”

நான் அதட்டினேன். ஏழு வண்டிக்காரர்கள் நடுங்கும் குரல் அது, அவன் அசையவில்லை. வீரப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “அது நின்னா தோஷம் எம்மவ தலையிலதானே? பொண்ணு இல்ல, போங்க.”

உள்ளேயிருந்து பெண் பாக்கியம் மாலையோடு வந்துவிட்டாள். இருபத்தைந்து வயதிருக்கும். மரத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நிக்கட்டும்ப்பா. மூணாவதா வந்தவ சாகலைன்னா, சாகணும்ங்கிற விதியே இல்லன்னுதானே? அக்கா இருந்துட்டுப் போவட்டும்.”

கூட்டத்தில் யாரோ, “தண்ணி ஊத்துனாப் போதும், சண்டைக்கு வராத சக்களத்தி” என்றார்கள். வீரப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பண்டாரம் நிழலைப் பார்த்து, முகூர்த்தம் போகிறது என்றார். நாலாவது தாலி ஏறியது.

மாலை ரயிலுக்கு நான் மட்டும் கிளம்பினேன். எங்கள் ஊராக இருந்தால் அந்த மரம் விழாமல் ஒரு கல்யாணம் நடந்திருக்காது. செத்தவர்கள் செத்தவர்கள்தான், அதை எந்தத் தாலியும் மாற்றவில்லை. சொல்லிக்கொண்டு போகக் கொல்லைப்பக்கம் போனேன். முனியாண்டி வாழையடியில் உட்கார்ந்து பாக்கியத்திடம் பேசிக்கொண்டிருந்தான். மூத்தவள் அஞ்சலை, காப்பார் தோட்டத்தில் காய்ச்சலில் போனாள். அடுத்தவள் மாரியாயி, பிரசவத்தில் போனாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடம் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவன். அந்தப் பெயர்களை நான் அன்றுதான் கேட்டேன்.