எர்ணாகுளத்தில் எடுத்த புடவை

எனக்குத் திருமணம் நிச்சயமானதும், மணப்பெண்ணுக்கு நானே ஒரு புடவை எடுக்க ஆசைப்பட்டேன். எங்கள் ஊர் மட்டாஞ்சேரியில் எடுத்தால் கேலி செய்வார்களென்று, யாரிடமும் சொல்லாமல் போட் ஏறி எர்ணாகுளம் போனேன். அப்போது நல்ல ஜவுளிக்கடைகள் ஒவ்வொன்றாக அங்கேதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. கடைகளோடு எங்கள் தெருவும் அங்கே போயிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடைக்குள் நுழைந்தால், எதிர்வீட்டு அக்காவும் பக்கத்துவீட்டுப் பெண்கள் மூவரும் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“யாருக்குடா புடவை?” என்றாள் அக்கா.

“அம்மாவுக்கு,” என்றேன்.

அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். “சேட்டா, இவன் அம்மாவுக்கு நல்ல ரோஸ் கலர்ல காட்டுங்க. அடுத்த மாசம் அவங்களுக்குக் கல்யாணம்!”

கடையே சிரித்தது. நான் கைகாட்டிய சாம்பல்நிறப் புடவையை ஒதுக்கிவிட்டு, நால்வரும் சண்டைபோட்டு ஒரு ரோஸ் புடவையைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கும் முன்பே அதன் நிறம் பெண்வீட்டுக்குத் தெரிந்துவிட்டது.