நேராகப் பதில் சொன்ன நாள்

என் அக்காவின் கணவர் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறவர். தண்ணீர் இறைக்கிற மோட்டார், மிக்சி, ஃபேன், எது வந்தாலும் பிரித்துப்போட்டு, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். ஒரே ஷட்டர் உள்ள கடை. உள்ளே கால் வைத்தால் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாயில்தான் கோளாறு. யார் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது.

மோட்டார் பிழைக்குமா என்று ஒருவர் கவலையோடு கேட்டால், "அதுகிட்டயும் கேட்டேன், யோசிச்சுச் சொல்றேன்னுச்சு" என்பார். எப்போது கிடைக்கும் என்றால், முடிந்ததும் என்பார். பெண் கேட்டு வந்த அன்றைக்கு, மாசம் எவ்வளவு வரும் என்று எங்கள் அப்பா விசாரித்ததற்கு, முப்பது நாள் வரும், சில மாசம் முப்பத்தொன்று என்றாராம். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா மட்டும் சிரித்திருக்கிறாள். அந்த ஒரு சிரிப்புக்கு இருபத்திரண்டு வருஷமாக அனுபவிக்கிறேன் என்பாள்.

நான் அதிகம் பேசமாட்டேன். வீட்டுக்கு ஆள் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவேன். அதனால் மாமா எனக்கு வைத்த பெயர் ஸ்பீக்கர். "ஸ்பீக்கர் வந்தாச்சு, எல்லாரும் காதைப் பொத்திக்குங்க" என்பதுதான் அந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற வரவேற்பு.

போன வருஷம் மாமாவுக்கு வயிறு உப்பியது, கண் மஞ்சளானது. கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டது, சிரோசிஸ் என்றார்கள். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து பார்த்த வேலை அது. அவர் ஒரு சொட்டுக் குடித்தவரில்லை. தெருவில் யாரும் அதை நம்பவில்லை. பார்க்க வந்தவர்களெல்லாம் இனியாவது நிறுத்தச் சொல் என்று அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள். நாலு பேரிடம் விளக்கிக் களைத்துப்போன மாமா, ஐந்தாவது ஆளிடம், "சரிப்பா, நிறுத்திடுறேன். ஆரம்பிக்கிறதுக்கு மட்டும் ஒரு வாரம் டைம் குடு" என்றார்.

அடுத்த மாசம் ஒரு காலையில் கடையில் ரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயில் புடைத்திருந்த ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். கேமரா குழாயை விட்டு, அதற்கு ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்தார்கள்.

அங்கே ஓர் இளம் டாக்டர். மூக்குக்கண்ணாடி வழுக்கிக்கொண்டே இருக்கும். நல்ல பையன். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். ரத்தத்தில் மஞ்சள் எவ்வளவு, ரத்தம் உறைய எவ்வளவு நேரம், சிறுநீரகம் எப்படி, புத்தி தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டினால், இந்த நிலைமையில் உள்ள நூறு பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று தெரிந்துவிடுமாம். மார்க் ஏற ஏற ஆபத்து. குறைந்த மார்க் வாங்குகிறவர் தேறுகிற பரீட்சையை அன்றுதான் கேள்விப்பட்டேன். எட்டாம் வகுப்பில் எனக்கு அப்படி ஒன்றை வைத்திருந்தால் பள்ளிக்கூடத்தை விட்டே வந்திருக்கமாட்டேன்.

புத்திக்கு மார்க் போட டாக்டர் மாமாவிடம் மூன்று கேள்வி கேட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்றதற்கு, உங்களுக்கு எதிரில் என்றார் மாமா. என்ன மாசம் என்றதற்கு, போன மாசத்துக்கு அடுத்த மாசம் என்றார். கடைசியாக டாக்டர் அக்காவைக் காட்டி, இவங்க யார் என்றார். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருன்னு தெரியல சார். வீட்டை விட்டு மட்டும் போகமாட்டேங்குறாங்க."

டாக்டர் மனக்குழப்பம் என்று எழுதினார். கூட்டிப் பார்த்தால் மார்க் எங்கேயோ போய் நின்றது. வெளியே அழைத்துவந்து, பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, மனசைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார்.

"டாக்டர், அது நோய் இல்லீங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்தது," என்றாள் அக்கா.

ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று அவர் ஆறுதல் சொன்னார்.

அடுத்த இரண்டு நாளும் அதே கேள்விகள், அதே மாதிரிப் பதில்கள். மற்றபடி மாமா தேறிவந்தார். பக்கத்துக் கட்டிலில் சளி உறிஞ்சுகிற மெஷின் ஒன்று உண்டு. அது ஓடும்போதெல்லாம், "பேரிங் போச்சு, கழட்டிக் குடுங்க, பாத்துத் தரேன்" என்று நர்ஸின் உயிரை வாங்கினார்.

நாலாம் நாள் காலை, பார்வை நேரம் கால் மணி. ஓர் ஆளுக்குத்தான் அனுமதி. அக்காவை ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்கிவர அடுத்த கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான் போனேன்.

"வாம்மா," என்றார் மாமா. "உட்காரும்மா. சாப்பிட்டியா?"

எனக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. நர்ஸ் மாத்திரை கொடுத்தார். "ரொம்ப நன்றிங்க," என்று மாமா கும்பிட்டார். பக்கத்தில் அந்த மெஷின் கரகரவென்று அலறியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் வந்து அதே கேள்விகளைக் கேட்டார். இது ஆஸ்பத்திரி என்றார் மாமா. மாசத்தோடு தேதியும் சரியாகச் சொன்னார். என்னைக் காட்டி, "என் மனைவியோட தங்கச்சி. ரொம்ப நல்ல பொண்ணு," என்றார். டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் மார்க்கை அடித்துப் பூஜ்யம் போட்டார். மத்தியானமே பொது வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

நான் வாசலைப் பார்த்தேன். அக்கா இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால்கூட டாக்டரிடம் அவள்தான் பேசுவாள். நான் நாக்கை மட்டும் நீட்டுவேன். டாக்டர் பின்னாலேயே அடுத்த கட்டிலுக்குப் போனேன். அதற்கடுத்த கட்டிலுக்கும் போனேன். பாத்ரூம் இடது பக்கம் என்றார் அவர்.

"அவருக்கு முடியல டாக்டர்," என்றேன்.

"நல்லாத்தானே பதில் சொன்னாரு?"

"அதான் டாக்டர்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் திறந்தது.

"இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாள் சாப்பிட்டியான்னு கேட்டதில்ல. யாருக்கும் நன்றி சொன்னதில்ல. நேத்து வரைக்கும் உங்களைக் கிண்டல் பண்ணிட்டிருந்தாரு டாக்டர், நீங்க அதைக் குழப்பம்னு எழுதினீங்க. அந்த மெஷின் இப்பவும் அலறுது. ஒரு மோட்டார் அலறி அவர் சும்மா படுத்திருந்து நான் பார்த்ததே இல்ல."

டாக்டர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு மாமாவிடம் திரும்பி நடந்தார். போலீஸ்காரர் வண்டியை நிறுத்துவதுபோல இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். மாமா பணிவாக நீட்டினார். கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து படபடவென்று அடித்துக்கொண்டன. கல்லீரல் கழிக்கவேண்டிய விஷம் தலைக்கு ஏற ஆரம்பித்தால் முதலில் குணம் மாறுமாம், கை இப்படி ஆடுமாம். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தது. உள்ளே மறுபடி கசிந்துகொண்டிருந்தது, அந்த ரத்தம்தான் குடலில் விஷமாகிறதாம். மத்தியானம் வார்டுக்குப் போகவேண்டியவரை மறுபடி கேமரா அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வார்டுக்குப் போயிருந்தால் இருட்டுகிற வரைக்கும் யாரும் கவனித்திருக்கமாட்டோம் என்று டாக்டரே அக்காவிடம் ஒப்புக்கொண்டார். அந்தத் தாள் நூறு பேரைப் பற்றிச் சொல்லும், இந்த ஒருத்தரைப் பற்றி உங்களைத்தான் கேட்கணும் என்றார். கட்டிலில் தொங்கிய அட்டையில் புதிதாக ஒரு வரியும் எழுதிவைத்தார்: நோயாளி மரியாதையாகப் பேசினால் உடனே என்னைக் கூப்பிடவும்.

விஷத்தை வெளியேற்ற ஒரு தித்திப்பு சிரப்பை இரண்டு மணிக்கொரு தரம் புகட்டினார்கள். நன்றாகப் பேதியாவதற்கான மருந்து அது. மூன்றாம் நாள் தெளிந்த மாமா, பதினோரு தடவை போயிற்று என்று கணக்குச் சொல்லி, இதற்குக் காரணம் யார் என்று விசாரித்தார். நர்ஸ் என்னைக் கைகாட்டிவிட்டார்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் உள்ளே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நலம் விசாரித்துப் போன் செய்தவர்களிடமெல்லாம், ஆளுக்கு நல்ல சுகம், என் தங்கச்சியோட கோபமாக இருக்கிறார் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள்.