சிரிக்க வேண்டிய இடம்

என் வீட்டுக்காரர் எழுதிய நாடகத்தில் எந்த வரிக்குச் சிரிப்பு விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுப்பது என் வேலை. அந்த வரி நெருங்கும்போது தாளில் விரலை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கூட்டம் சிரித்த பிறகுதான் மூச்சு விடுவேன். பயம் என்னோடு கூடப் பிறந்தது. குக்கர் விசில் கொஞ்சம் தாமதமானாலே அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடக்கிறவள் நான்.

நாங்கள் இருந்தது கம்பெனி கட்டிக்கொடுத்த நகரியம். ஆயுத பூஜைக்கு அதில் எங்கள் பிளாக்கில் வருஷா வருஷம் நாடகம் உண்டு. எழுதுவது இரண்டு பேர். ஒருவர் இவர், நடிக்கவும் செய்வார். இன்னொருவர் இவருடைய செக்‌ஷனிலேயே வேலை பார்த்த, இவரைவிட வயதில் இளைய நண்பர். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரும் ஷிப்டு முடிந்து வந்து எங்கள் குவார்ட்டர்ஸ் கூடத்தில் உட்கார்ந்தால், நான் காபி போட்டே ஓய்ந்துபோவேன்.

அந்த நாடகங்களில் நகரியத்தில் இருக்கிறவர்களைத்தான் கிண்டல் செய்வார்கள். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாரைக் கிண்டல் செய்கிறார்களோ, அவர் வீட்டுக்கே முதலில் போய் அந்தக் காட்சியைப் படித்துக் காட்டுவார்கள். அவர் சரி என்றால்தான் மேடைக்கு வரும். எங்கள் பக்கத்து குவார்ட்டர்ஸில் இருந்த பெண், திருட்டுப் போகக்கூடாதென்று தன் வீட்டுப் பலா மரத்தில் காய்க்குக் காய் சுண்ணாம்பால் நம்பர் போட்டு வைப்பாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளைப் பற்றி ஒரு காட்சி எழுதி, வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினார்கள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொண்டால் நாளைக்கு எப்படி முகத்தில் முழிப்பது என்று எனக்கு உதறல்.

அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “நெம்பர் மட்டும் போட்டா பத்தாதுண்ணே. நான் டார்ச்ச வச்சிகினு மரத்தையே பாத்துகினு குந்திகினு இருப்பேன்ல, அதையும் போடுங்க.”

ஆயுத பூஜை அன்று முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். மேடையில் அவளாக நடித்தவர் டார்ச் அடித்ததும் மொத்தக் கூட்டமும் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் எழுந்து நின்று கும்பிடு போட்டாள். இவருடைய நாடகம் என்றால் இதுதான். சிரிப்பு அடங்கும்வரை இவர் மேடையில் அசையாமல் நிற்பார். அடங்கிய பிறகே அடுத்த வரி. அந்த நிதானம் எனக்கு வராது.

இவர் ரிட்டயர் ஆகவேண்டிய வருஷம் வந்தது. அப்போதுதான் எல்லோர் கையிலும் டச் போன் வர ஆரம்பித்திருந்தது. இவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வார லீவு நாளிலும் முதல் ஷிப்டு பஸ்ஸின் ஹாரன் கேட்டால் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். அப்புறம் லீவு என்று ஞாபகம் வந்து, படுக்காமல் கையைப் பிசைந்துகொண்டு இருப்பார். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். குவார்ட்டர்ஸ் போனால் பிளாக் போகும், பிளாக் போனால் மேடை போகும். நகரியத்துக்கு வெளியே மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பார்க்கலாம் என்று நான் சொன்னபோதெல்லாம் பேச்சை மாற்றினார். என் பயத்தை நான் கத்தித் தீர்த்துக்கொள்வேன். இவர் பயம் உள்ளேயே கிடந்தது. அதுதான் எனக்கு அதிகக் கவலை.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து லீவுக்கு வந்த எங்கள் பையன் லேப்டாப்பில் ஒரு தொடரைப் போட்டுக் காட்டினான். பார்க்க ஆவணப்படம் மாதிரியே இருந்தது. ஆபீஸ் ஒன்றில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து பேட்டி கொடுத்தார்கள். “எல்லாமே கதைப்பா. நெஜம் மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றதுதான் காமெடி,” என்றான். இவருக்கும் நண்பருக்கும் கண்கள் மின்னின. மேடை வேண்டாம், பிளாக் வேண்டாம், ஒரு கேமரா போதும். ரிட்டயர் ஆன பிறகும் செய்யலாம். யூடியூபில் போட்டால் உலகமே பார்க்கும்.

“இனிமே இதாண்டா நமக்கு வேலை,” என்று நண்பரின் தோளைத் தட்டினார் இவர். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. இது ஊத்திக்கொண்டால் இந்த மனுஷன் என்ன ஆவார்?

எழுதினார்கள். உடைந்த நாற்காலிகளைப் பாதுகாக்க மட்டுமே இருக்கிற ஒரு செக்‌ஷன். அதற்கு இவர் சூப்பரின்டெண்ட். “இங்க வேலை ரொம்ப ஜாஸ்திங்க. மூச்சு விட நேரமில்ல,” என்று இவர் கேமராவைப் பார்த்துச் சொல்வார். பின்னால் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார். வெளியூர்க்காரர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காக நகரியத்து ஆள் ஒருவரைக்கூட உள்ளே கொண்டுவரவில்லை. அதனால் யார் வீட்டுக்கும் போய்ப் படித்துக் காட்டவும் இல்லை. கேமராவுக்கு மந்தாரக்குப்பத்து வீடியோக்காரரைப் பிடித்தார்கள். கல்யாணம், காதுகுத்து, ரிட்டயர்மென்ட் என்று எங்கள் பக்கத்தில் எதுவானாலும் அவர்தான் எடுப்பார். அவர் வந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பின்னால் இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை நகர்த்தி வைத்து, “உக்காருங்க சார், இங்க பாத்துப் பேசுங்க,” என்றார். யாருக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

முதல் பகுதியை யூடியூபில் ஏற்றுவதற்கு முன்னால் நம் ஜனங்கள் பார்க்கட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிளாக் ஹாலில் போட்டார்கள். நாடகக் கூட்டம் மொத்தமும் வந்தது. பலா மரத்துக்காரி முன்வரிசையில் அதே பட்டுப்புடவையில் இருந்தாள். “இந்த வாட்டி யாரு மாட்டினாங்கக்கா?” என்று என்னிடம் கிசுகிசுத்தாள். வசனத் தாளைத் தேவையே இல்லாமல் எடுத்துப் போயிருந்தேன்.

திரையில் இவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, “முப்பது வருஷமா இந்த நாற்காலிங்களோடதான் என் வாழ்க்கை,” என்றார். என் விரல் அந்த வரியில் இருந்தது. மூச்சைப் பிடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த வரியும் போனது. திரையில் இவர் எதற்காகவும் நிற்கவில்லை, பேசிக்கொண்டே போனார். தூங்குகிறவர் வந்தபோது ஒரு குழந்தை மட்டும் களுக்கென்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். பலா மரத்துக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எழுந்துபோய் அந்தப் புரொஜெக்டரை நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

முடிந்ததும் மெல்லக் கைதட்டினார்கள். அவள் நேராக இவரிடம் வந்தாள்.

“ஏண்ணே, ரிட்டயர்மென்ட்டு அடுத்த மாசம்னுல்ல நெனச்சிகினு இருந்தோம்? முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா சால்வ வாங்கியாந்திருப்பமே!”

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் ஊரில் ஒரு மனிதன் பிளாஸ்டிக் நாற்காலியில் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து, நேராகப் பார்த்து, இத்தனை வருஷம் இங்கே இருந்தேன் என்று சொன்னால் அது ரிட்டயர்மென்ட் வீடியோ. வீட்டுக்கு வீடு அந்த சி.டி. இருக்கிறது. அதைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? அழத்தான் செய்வார்கள்.

நண்பர் தலையில் அடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். “அய்யோ, இது காமெடிங்க! மூஞ்சிய சீரியஸா வச்சிக்கிட்டுச் சொன்னா அதாங்க ஜோக்கு. அங்கதான் சிரிக்கணும்!”

கூட்டம் சங்கடமாக நெளிந்தது. “அப்டீங்களா,” என்றார் ஒருவர். “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பழைய டிராமா மாதிரி இல்லீங்களே.” பலா மரத்துக்காரி நாசூக்கெல்லாம் பார்க்கவில்லை. “இதுல நாங்க யாருமே இல்லியேண்ணே,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நண்பர் பொரிந்து தள்ளினார். “இவங்களுக்கு ரசனையே இல்ல அண்ணி. டார்ச் அடிச்சாத்தான் சிரிப்பாங்க.”

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “அவங்களக் கொற சொல்லாதீங்க தம்பி. இத்தன வருஷம் இவரு அவங்க மூஞ்சியப் பாத்துப் பேசினாரு, அவங்க சிரிச்சி முடிக்கிற வரைக்கும் நின்னாரு. இப்ப மிஷினப் பாத்துப் பேசிட்டு நிக்காமப் போயிட்டாரு. அவங்க எந்த எடத்துலதான் சிரிப்பாங்க?”

சொன்ன பிறகுதான் இவரைப் பார்த்தேன். அதே நாற்காலி ஆபீஸ் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். “நீ சொல்றது சரிதான்,” என்று மட்டும் சொன்னார். யூடியூபில் ஏற்றவே இல்லை. அதைப் பற்றி அப்புறம் பேசவும் இல்லை. பஸ் ஹாரன் அடித்தால் எழுந்து உட்காருவது மட்டும் நிற்கவில்லை.

பிளாக்கில் எல்லோருக்கும் மனசு உறுத்தியது. காய்கறிக் கடையில், ரேஷனில், கோயிலில், எங்கே போனாலும் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்கள். பலா மரத்துக்காரி சத்தியமே செய்தாள். “எங்களுக்குத் தெரிலக்கா. மூஞ்சிய உம்முனு வச்சிகினு சொன்னா ஜோக்குன்னு இப்பத் தெரிஞ்சிகினோம். அடுத்த வாட்டி சிரிக்கலன்னா கேளு.”

அடுத்த தடவை அவர்கள் இவரைக் கேமரா முன்னால் பார்த்தது, நிஜமான ரிட்டயர்மென்ட் அன்றைக்கு. விழா அதே ஹாலில் நடந்தது. குடும்பத்தோடு எல்லோரும் வந்திருந்தார்கள். சால்வைமேல் சால்வையாகப் போட்டு, மாலை போட்டு, சந்தனம் பூசி, இவரைப் பார்க்கவே வேறு யாரோ மாதிரி இருந்தது. மந்தாரக்குப்பத்து வீடியோக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். குரோட்டன்ஸ் தொட்டிகளை நகர்த்தினார். “உக்காருங்க சார், இங்க பாத்துப் பேசுங்க.”

நான் முன்வரிசையில் ஓரமாக இருந்தேன். என்ன பேசப்போகிறார் என்று வீட்டில் எத்தனையோ தடவை கேட்டிருந்தேன். “அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்றே சொல்லிவந்தார். எழுதாமல் மைக்கைப் பிடித்ததே இல்லை இவர்.

இவர் கேமராவைப் பார்த்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

“நாளைக்குக் காலைல ஃபர்ஸ்ட் ஷிப்டு பஸ்ஸு ஹாரன் அடிக்கும். நான் எழுந்து உக்காந்துக்குவேன். அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியலீங்க.”

ஹால் குலுங்கியது. அப்படி ஒரு சிரிப்பு. பழைய நாடகங்களில்கூட நான் கேட்டதில்லை. பலா மரத்துக்காரி தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். என் பக்கம் திரும்பி, பார்த்தாயா, வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நண்பர்கூடச் சிரித்துக்கொண்டே விசில் அடித்தார்.

இவர் திடுக்கிட்டதை நான் பார்த்தேன். ஒரு கணம் தோள் ஒடுங்கியது. பிறகு பழக்கம் வந்து பிடித்துக்கொண்டது. சிரிப்பு அடங்கட்டும் என்று அசையாமல் காத்திருந்தார். அடங்கியதும் சொன்னார்.

“நெஜமாவே பயமா இருக்குங்க.”

முன்னதைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் இவர் கேமராவை விட்டுவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார். மேடையில் வரி மறந்துபோனால் ஓரமாகத் திரும்பி என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. அப்போதெல்லாம் வாயசைத்து அடுத்த வரியைச் சொல்லிவிடுவேன்.

அன்றைக்கு என் கையில் தாள் எதுவும் இல்லை.