விக்டோரியாவின் கிராம் தராசு

குளச்சல் விக்டோரியா மீனை நிறுத்து விற்றதே இல்லை. கண்ணால் பார்த்துக் கூறு வைப்பாள். கேட்காமலே மேலே இரண்டு சாளையை அள்ளிப் போடுவாள். அப்படிப்பட்டவள் அடுக்களையில் கிராம் தராசு வாங்கி வைத்தபோது தெருவே சிரித்தது.

மகள் ஷிபாவுக்காக வந்த தராசு அது. நாலு வயதில் பிள்ளைக்கு வலிப்பு தொடங்கியது. மூன்று வருடம் ஆஸ்பத்திரி ஏறி இறங்கிய பிறகு, திருவனந்தபுரத்து டாக்டர்தான் விஷயத்தைப் புரியவைத்தார். சோறும் சீனியும் குளுக்கோஸாகி மூளைக்குள் போகிற வாசல் இவளுக்குச் சரியாகத் திறக்காது. ஆனால் கொழுப்பிலிருந்து ஈரல் செய்கிற கீட்டோனுக்கு வேறு வாசல் உண்டு. ஆகவே தேங்காயெண்ணெய், மீன், முட்டை. மாவுப்பொருள் மட்டும் ஒரு நாளைக்கு எண்ணிப் பத்து கிராம். காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாளில், அவர் சொன்ன அளவுக்குக் கீட்டோன் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். அது நேராக இரத்தத்தில் சேர்ந்து மூளைக்குத் தெம்பு தரும். சில மணி நேரத்தில் தீர்ந்தும் போகும். விக்டோரியாவின் தம்பி ரிஜோ குவைத்திலிருந்து அனுப்பும் அந்த டப்பாவை மாதா படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறாள். அவன் நன்றாயிருக்கட்டும்.

இரண்டு வருடமாக வலிப்பு இல்லை. இந்த மே மாதம் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளின் பட்டியலில் ஷிபா பெயரும் வந்தது. சந்தோஷத்தோடு ஒரு பயமும் விக்டோரியாவைப் பிடித்துக்கொண்டது. பூசையில் ஆண்டவரின் உடலாகிற நற்கருணை அப்பம் கோதுமை மாவாயிற்றே. கணக்கில் சேர்க்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து; ஆண்டவரைத் தராசில் வைத்தால் பாவம். மூன்று நாள் வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. கடைசியில் பங்குச்சாமியிடம் போய், பாதியாக உடைத்துத் தருவீர்களா என்று கேட்டாள். கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

சாமி திட்டவில்லை. பூசையில் வைக்காத அப்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இது இப்பம் வெறும் மாவுதான். கொண்டு போயி நிறுத்துப் பாரு."

தராசில் வைத்தாள். சைபர். தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சைபரேதான். டாக்டருக்கும் போன் போட்டாள்; தாராளமாகக் கொடுங்கள் என்றார். சாமியையும் டாக்டரையும் வாய் நிறைய வாழ்த்தினாள். ஆனாலும் அவள் ஆயிற்றே, புதுநன்மை நாளன்று காலைச் சாப்பாட்டில் கேரட் ஒரு துண்டைக் குறைத்தாள்.

வெள்ளை உடுப்போடு வரிசையில் போய் வாங்கி வந்த ஷிபா, பூசை முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இரண்டு வருடமாக ஊரோடு சேர்ந்து எதையும் தின்றறியாத பிள்ளை.

"அம்மா, எல்லாருக்கும் குடுத்த அளவுதானா எனக்கும்?"

"ஆமா மக்கா. முழுசு."