மொராக்கோவுக்குப் புறப்பட்ட உரக்கடைக்காரர்

கஞ்சனைப் பார்த்திருக்கிறேன், புளுகனைப் பார்த்திருக்கிறேன், பயந்தாங்கொள்ளியையும் பார்த்திருக்கிறேன். மூவரையும் ஒரே வேட்டிக்குள் பார்த்தது ராஜாங்கத்திடம்தான். கள்ளக்குறிச்சி கடைவீதியில் அவருக்கு உரக்கடை. நேர் எதிரே எனக்குச் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டிவிட்டு நிமிர்ந்தால் அந்த முகத்தில்தான் விழிக்க வேண்டும். இருபது வருஷம் விழித்தேன்.

மெட்ராஸில் ஒரு உரக் கம்பெனி தன் டீலர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தது. மேடையில் பேசிய அதிகாரி, சூப்பர் பாஸ்பேட் உரம் செய்ய உதவும் பாறை மொராக்கோவிலிருந்து கப்பலில் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் சிங்கப்பூர் போய் வந்த கதையை அளந்துகொண்டிருந்தார். ராஜாங்கத்துக்கு வயிறு எரிந்தது. சிங்கப்பூருக்கு எவன் வேண்டுமானாலும் போவான். மொராக்கோவுக்குத் தென்னாற்காடு ஜில்லாவிலிருந்து எவன் போயிருக்கிறான்? அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் கடையில் உலக வரைபடம் தொங்கியது. யூரியா வாங்க வருகிறவனை நிறுத்தி, மூட்டையைத் தட்டி, "இது எங்கேர்ந்து வருது தெரியுமா? மொராக்கோ. நான் அங்கதான் போவப்போறேன்" என்பார். யூரியாவுக்கும் அந்தப் பாறைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆயுசு முழுக்க எதை விற்றாரோ அதைப் பற்றியே அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மவுண்ட் ரோட்டில் பயண ஏற்பாடு செய்யும் ஒருவர் அவருக்கு அந்த நாட்டின் பருவங்களை விளக்கியிருந்தார். அதை மனப்பாடம் செய்துகொண்டு, தானே அந்த வானத்தை ஆள்வதுபோல ஒப்பிப்பார். மார்கழி, தை மாதங்களில் கடலோரத்தில் மழை, அட்லஸ் மலையில் பனி, அப்போது போகக்கூடாது. பங்குனி, சித்திரையில் வெளியெல்லாம் பூ. அதுதான் அருமையான காலம். ஆனி, ஆடியில் உள்நாட்டு ஊர்களில் கால் வைக்க முடியாது. புரட்டாசி பிறந்தால் வெயில் தணிந்து மறுபடி நல்ல காலம்.

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் கொண்டு வருகிறவர்களைக்கூட அவர் விடவில்லை. வீட்டு மாடியில் நின்றால் தெரிகிற அந்த மலையில் அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏறி இறங்குகிறவர்களுக்கு மட்டும் அட்லஸ் பனியைப் பற்றிப் பாடம் எடுப்பார். ஒரு நாள் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க சாமை வெளையுங்களா?" என்றார். ராஜாங்கம் வரைபடத்தைப் பார்த்தார். அதில் போட்டிருக்கவில்லை. "உனுக்கெல்லாம் சொன்னா புரியாது போ" என்று அனுப்பிவிட்டார்.

அவர் மனைவி நிர்மலா, என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்வார். ஒரு நாள் நிர்மலா கணவரிடம் கேட்டிருக்கிறார்: "ஏங்க, பூ பூக்கிற காலம்னு சொன்னீங்களே, பங்குனியிலயே போனா இன்னா?"

"பங்குனியில கடையில ஈ ஓட்டிக்கினு கெடக்கறேன். அப்ப போனா எவனுக்குத் தெரியும்? புரட்டாசியில சம்பாவுக்கு உரம் வாங்க ஊரே வந்து நிக்கும். மொதலாளி எங்கன்னு கேப்பான். மொராக்கோன்னு சொல்லணும்."

"நானும் வரட்டுமா?"

"ராத்திரியில குளிரும். உனுக்கு ஆவாது."

இவ்வளவுதான் அவருடைய பருவ ஆராய்ச்சி. பூவையும் பனியையும் வெயிலையும் அலசி அலசி, கடைசியில் தன் கடைவாசலில் கூட்டம் எப்போது என்று பார்த்துத் தேதி குறித்தார். சேலத்துக்குப் போய்க் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வாங்கிவந்து, வியர்க்க வியர்க்கப் போட்டு எங்களுக்குக் காட்டினார்.

அது எண்பத்தேழாம் வருஷம். படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று உழவுக்காரச் சாதி ஒன்று போராட, ஜில்லா முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. புரட்டாசிப் பிறப்பை ஒட்டி ஒரு வாரம் சாலை மறியல் என்று முன்கூட்டியே சுவரெல்லாம் எழுதிவிட்டார்கள். அந்த மக்கள்தான் ராஜாங்கத்தின் கடையில் பாதி உரம் வாங்குகிறவர்கள். எதிரே நிற்கும்போது "வாங்க, வாங்க, நியாயமான கோரிக்கைதாங்க" என்பார். படி இறங்கிப் போனதும், "இவனுங்க படிச்சி கலெக்டரு ஆவப் போறானுங்களா? ரெண்டு மரம் வெட்டுவானுங்க, போலீஸ் வந்தா ஓடுவானுங்க" என்று என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். அந்தக் கண்ணடிப்பில் என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாரே என்பதுதான் எனக்கு அருவருப்பு.

பயணத் தேதியைத் தள்ளி வைக்கச் சொன்னார் நிர்மலா. "இவனுங்களுக்குப் பயந்துக்கினு நான் தேதிய மாத்தணுமா?" என்றார் ராஜாங்கம்.

மறியல் தொடங்கியது. பஸ் இல்லை. கடைகள் அடைத்துக் கிடந்தன. ராஜாங்கத்தின் அம்பாசடர் காரை ஓட்டிய பழனி, சைக்கிளில் தியாகதுருகம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வழியெல்லாம் மரம் சாய்த்திருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியை மட்டும் விடுகிறார்கள் என்றான்.

அதைக் கேட்டதும்தான் ராஜாங்கத்துக்கு அந்த யோசனை வந்தது.

அவர் கிடங்கைக் கூட்டிப் பெருக்குகிறவள் ஆயம்மாள். கருணாபுரத்தில் வீடு. அவளுடைய மகள் ஜீவா எட்டு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். ராஜாங்கம் ஆயம்மாளைக் கூப்பிட்டார்.

"உன் பொண்ணு மெட்ராஸ் வரைக்கும் கார்ல சும்மா ஒக்காந்துக்கினு வரட்டும். மரத்தக் கண்டா வலி வந்த மாதிரி கத்தணும், அவ்ளோதான். நீயும் கூட வா. திரும்பி வரப்ப பழனி வூட்டுலயே கொண்டாந்து வுட்டுடுவான்."

"மாசமா இருக்கறவங்க, மொதலாளி. வண்டி தூக்கித் தூக்கிப் போடுமே" என்றாள் ஆயம்மாள்.

"ஏன், நாளைக்கு வேலைக்கு வரப்போறதில்லியா நீ?"

ஆயம்மாள் மகளிடம் சொல்லப் போனாள்.

மூட்டைக்கு எண் போடும் சிவப்பு மையால் ஒரு தாளில் கூட்டல் குறி வரைந்து, கார் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு காலையில் புறப்பட்டார்கள். முன்னால் ராஜாங்கம், பின்னால் தாயும் மகளும். பிற்பாடு நடந்ததையெல்லாம் பழனி என் கடையில் உட்கார்ந்து சொன்னதுதான்.

தியாகதுருகத்துக்கு முன்னால் முதல் மரம். ஜீவா வெட்கப்பட்டுக்கொண்டு மெல்ல முனகினாள். மறியல்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, வயலோரமாக வழிகாட்டி விட்டார்கள். ராஜாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா பழனி? எதுக்கும் மூளை வேணும்டா." எலவனாசூர் பக்கம் இரண்டாவது மரம். அங்கே ஜீவா இன்னும் பலமாகக் கத்தினாள். அதையும் தாண்டினார்கள்.

தாண்டிய பிறகும் அவள் நிறுத்தவில்லை.

"ஏய், மரம் போயிடுச்சி. கம்முனு வா" என்றார் ராஜாங்கம். அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி கத்தினாள். "நல்லாத்தான் நடிக்கற, தலைய வலிக்குது, நிறுத்து!"

"மொதலாளி, இது நெசங்க. பனிக்கொடம் ஒடஞ்சிப் போச்சி" என்றாள் ஆயம்மாள்.

ராஜாங்கம் திரும்பிப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல், "சீட்டு!" என்பதுதான். போன மாதம்தான் புது உறை தைத்துப் போட்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "பழனி, இங்க எதனா வூடு இருந்தா எறக்கிவுடு. பொம்பளைங்க பாத்துக்குவாங்க. எனுக்குப் பிளேன் போயிடும்."

பழனி காரை ஓரமாக நிறுத்தினான். தாயும் மகளும் இறங்கத்தான் நிறுத்துகிறான் என்று ராஜாங்கம் நினைத்தார். பழனி, "நீங்க எறங்கறதுன்னா எறங்கிக்குங்க மொதலாளி. வண்டி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத்தான் போவும்" என்றான். எட்டு வருஷமாக அவர் முன்னால் குரல் உயர்த்தாதவன். அப்போதும் உயர்த்தவில்லை. ராஜாங்கம் இறங்கவில்லை.

உளுந்தூர்ப்பேட்டையை நெருங்கும்போது சாலையை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு புளியமரம் கிடந்தது. பக்கத்தில் பள்ளம், ஒதுங்கிப் போக வழியில்லை. பழனி இறங்கி மறியல்காரர்களிடம் ஓடினான். இளைஞர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"எந்த ஊரு?" என்று ஒருவன் கேட்டான்.

"கள்ளக்குறிச்சி. கருணாபுரம்" என்றாள் ஆயம்மாள்.

கேட்டவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். யாரும் நகரவில்லை. கருணாபுரம் என்றால் தங்கள் சாதி இல்லை, காலனிச் சனம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில் தன் உயிர் போய்த் திரும்பியது என்று பழனி சொன்னான். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கஞ்சிப் பானையோடு வந்திருந்த ரங்கம்மாள் என்கிற வயதான அம்மாள் காருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்.

"வலி எடுக்கறவகிட்ட ஊரு இன்னாத்துக்குடா கேக்கற? மரத்தத் தூக்குங்கடா!"

வெட்டியவர்களே தூக்கினார்கள். கிளைகளைக் கழித்து, கயிறு கட்டி இழுத்து, தோள் கொடுத்துத் தள்ளினார்கள். ராஜாங்கத்தையும் கை வைக்கச் சொன்னார்கள். அவர் ஒரு கொம்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். தள்ளவில்லை, வைத்திருந்தார்.

வழி கிடைத்ததும் ரங்கம்மாள் பின்சீட்டில் ஜீவாவின் காலடியில் உட்கார்ந்தாள். ஆயம்மாள் முன்னால் வர வேண்டியிருந்தது.

"யோவ், எறங்குய்யா" என்றாள் ரங்கம்மாள்.

"நான்தாங்க வண்டி ஓனரு. எனுக்குப் பிளேன் இருக்குது. மொராக்கோ போவணும்."

"அது எந்தப் பக்கம்? சின்னசேலத்துக்கு அந்தாண்டையா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். அவருடைய பெட்டியையும் இறக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். கார் போய்விட்டது.

விழுப்புரத்தில் அன்று மாலைக்குள் ஜீவாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தை, கைக்குள் அடங்கும். பிழைக்குமா என்று சில நாள் தவித்தார்கள். பிழைத்தது.

மறியல் முடியும்வரை ராஜாங்கம் அந்த வெட்டிய புளியமரத்தின் பக்கத்திலேயே கிடந்தார். அவர்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்தார், கொடுத்த வெங்காயத்தைக் கடித்துக்கொண்டார். அவர்களைவிட உரக்கக் கோஷம் போட்டார். தூறல் விழுந்ததும், அட்லஸ் மலைக்கு வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாராம், மறியலில் இருந்த ஒருவர் பிற்பாடு சொன்னார். சாலை திறந்ததும் ஒரு கரும்பு லாரியில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கினார். என் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

அவமானம் என்றால் என்ன என்று தெரிந்தவனாக இருந்தால் கொஞ்ச நாள் வெளியே வந்திருக்க மாட்டான். இவர் மறுநாளே கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒரு உசுருக்காக மொராக்கோவையே வுட்டுட்டேங்க. மனுசன்னா அதுதானே?" உரம் வாங்க வந்தவர்கள் நெஞ்சு உருகினார்கள். லாரியில் வந்து இறங்கிய அன்றைக்கே பழனியை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார், அதை யாரும் கேட்கவில்லை. வியாபாரிகள் கூடிச் சால்வை போட்டார்கள். நடந்ததை நான் இரண்டு பேரிடம் சொன்னேன். "பொறாமையில பேசறான்" என்றார்கள். என் ஊரைப் பற்றி நான் வைத்திருந்த மரியாதையில் கொஞ்சம் அன்றைக்குக் கழன்றது.

சால்வை போதவில்லை அவருக்கு. தான் காப்பாற்றிய குழந்தையோடு படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்ப ஆசை வந்தது. ஸ்டுடியோக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கருணாபுரம் போனார். ஆயம்மாள் வாசலில் நின்று மறித்துக்கொண்டாள். அவள் கிடங்கு வேலையை விட்டுக் கரும்பு வெட்டப் போக ஆரம்பித்திருந்தாள்.

"புள்ளையக் குடு ஆயம்மா, ஒரு படம்தான். பேப்பர்ல வரும்" என்றார்.

"சீட்டு கெட்டுப்போச்சின்னு கத்தினீங்களே, கழுவிட்டீங்களா?" என்றாள்.

பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ராஜாங்கம், குழந்தைக்குக் காய்ச்சலாம் என்று ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி, வந்த வழியே நடந்தார். எனக்கு இதைச் சொன்னவர் அந்த ஸ்டுடியோக்காரர்தான். அவர் உடனே கிளம்பவில்லை. ஆயம்மாள் அவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறாள். ஜீவா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பழந்துணியில் சுற்றிய பிள்ளையை மார்போடு வைத்திருந்தாள். அவர் ஒரு படம் எடுத்துக் கழுவி, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.